ஒரே பிளக் பாயின்ட்

— ஜிப்பு நல்லாத்தானே இருக்கு. இழுத்தா வருது, தள்ளினா போகுது. இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?

— இல்ல, அது வந்து, நடுவுல ஒரு எடத்துல லேசா மாட்டுது.

— எந்த எடத்துல?

— இப்போ மாட்டல. என் ரூம்ல மாட்டுச்சு.

— அப்போ ரூமைத்தான் ரிப்பேர் பண்ணணும். இங்க பாருங்க, இது பை தைக்கிற எடம். இந்த மூட்டை மொத்தமும் ஸ்கூல் பை, சாயங்காலம் வண்டி வந்துடும். தைக்கிற பொண்ணுங்க ரெண்டு பேரும் சாப்பிடப் போயிருக்காங்க. அவங்க திரும்பி வந்து, யாருக்கா இவருன்னு கேக்கறதுக்குள்ள வந்த விஷயத்தைச் சொல்லிட்டுக் கெளம்புங்க.

— விஷயம்னு ஒண்ணும் இல்ல. சும்மா உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு.

— சும்மா பாக்க வர்ற ஆளா நீங்க? மகளுக்குக் கால் ஒடிஞ்சப்பவே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு போன்ல விசாரிச்சவரு.

— பார்க்கிங் கெடைக்கலன்னு அன்னிக்கே சொன்னேன்.

— டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்குப் பார்க்கிங் கெடைக்கல. நல்லா இருக்கே கதை. மேல சொல்லுங்க.

— கொஞ்சம் பொறு. பழசெல்லாம் இப்பவே எடுக்கணுமா?

— நான் எடுக்கல. நீங்கதான் பையில போட்டுத் தூக்கிட்டு வந்திருக்கீங்க போல. என்ன இவ்வளவு கனமா இருக்கு?

— அதைத் தொடாதே.

— ஜிப்பு சரி பண்ணணும்னா பையைத் தொட்டுத்தானே ஆகணும். ஓ. இது இன்னும் உயிரோட இருக்கா?

— இருக்கு.

— அதே நீலப் பெட்டி. அதே தீஞ்சுபோன குமிழு. மூலையில நான் ஒட்டின பிளாஸ்திரி கூட அப்படியே இருக்கு. எங்க கொண்டு போறீங்க, பழைய இரும்புக் கடைக்கா? அது அடுத்த தெரு.

— தாளம் போடற டிரம் மிஷின் அது. மரியாதையாப் பேசு. இன்னிக்கு ஊரே இதுக்குத்தான் ஆடுது.

— அப்பா. நான் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?

— வாயைத் திறக்கலம்மா. ஜிப்பைத்தான் திறந்தேன்.

— ஓ, மகளும் வந்தாச்சா. நீயும் இதுல கூட்டா?

— அம்மா, பிசியோதெரபி கிளினிக்ல அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். ஒருத்தர் முதுகைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன். ரெண்டு பேரும் ஆரம்பிக்காதீங்க. ஒரு சின்ன உதவி. நீ கேட்டுட்டு, சரின்னு சொன்னாப் போதும்.

— கேக்கறேன். சரின்னு சொல்றதை அப்புறம் பாக்கலாம். இந்தப் பட்டியைப் பிடிச்சுக்கிட்டே சொல்லு, கை சும்மா இருக்க வேண்டாம்.

— அப்பா அந்தக் காலத்துல டெக்னோ பண்ணாருல்ல.

— அதுக்குப் பேரு வேற இருந்துச்சா? எனக்குத் தெரிஞ்சு டம்மு டம்மு டம்மு. அப்புறம் கொஞ்ச நேரம் டம்மு.

— அந்த டம்மு இப்போ திரும்பி வந்திருக்கும்மா. டான்ஸ் மியூசிக் பண்ற புதுப் பசங்க எல்லாம் கம்ப்யூட்டர்லயே பளபளன்னு பண்ணிப் பண்ணிச் சலிச்சுட்டாங்க. இப்போ டெக்னோ ஆரம்பிச்ச காலத்துச் சத்தம்தான் வேணுமாம். கரகரப்பு வேணும், இரைச்சல் வேணும், பெட்டி பழசா இருக்கணும். இல்லாதவங்க கம்ப்யூட்டர்லயே தூசு விழுந்த மாதிரி பண்ணிக்கறாங்க.

— என்கிட்ட வந்தா நெஜத் தூசே தருவேன். மேல சொல்லு.

— என் குழந்தைத் துணி வெச்சிருந்த பெட்டியில ஒரு கேசட் கெடச்சுது. அப்பா கையெழுத்து. அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன். அவன் ஒரு டி.ஜே.வுக்கு அனுப்பினான். அவ்வளவுதான். இப்போ அதைப் போடாத டான்ஸ் ஹால் இல்ல.

— எந்தக் கேசட்டு? அந்தப் பச்சை மூடி போட்டதா?

— அதேதான். உனக்கு எப்படி ஞாபகம் இருக்கு?

— மூடி உடைஞ்சு நான்தான் வேற மூடி போட்டேன். மேல சொல்லு.

— அந்தப் பாட்டுல ஒரு எடம் வரும்மா. பீட் நேரா போயிட்டே இருக்கும். திடீர்னு அப்படியே தொய்யும். வேகம் குறைஞ்சு, அடியில வர்ற பேஸ் சத்தம் தொண்டை கட்டின மாதிரி கீழ எறங்கி, விழுந்துடுமோன்னு நெனக்கிறப்ப சட்டுனு எழுந்திருக்கும். அந்த எடம் வந்தா ஹாலே ஒண்ணா முட்டியை மடக்கி உக்காந்து எழுந்திருக்குது. எங்க கிளினிக்குக்கு முட்டி வலின்னு வர்ற சின்ன வயசுக்காரங்கள்ல பாதிப் பேரு அப்பாவோட உபயம்.

— பாத்தியா? நான் சொன்னா நம்ப மாட்டே. மகள் சொல்றா, கேளு.

— அந்தத் தொய்வைப் பண்றதுக்குன்னே ஒருத்தன் சாஃப்ட்வேர் போட்டிருக்கான். அதுல ஒரு குமிழ் இருக்கு. அப்பாவோட பட்டப்பேர்தான் அதுக்குப் பேரு.

— எது, ஷாக்கு மாமாவா?

— என்னை ஷாக்குன்னு மட்டும் போட்டிருக்கான். மாமா இல்ல.

— அதுகூடப் பரவாயில்லம்மா. மூணாவது நிமிஷத்துல ஒரு கீச்சுச் சத்தம் வருது. எந்தக் கம்பெனி சிந்தசைசர், எந்த வருஷத்து மாடல்னு பெரிய விவாதமே நடக்குது. அதே மாதிரி வரலைன்னு ஒருத்தன் அழுதே விட்டானாம்.

— அவன் அழுததைப் பதிஞ்சாலே போதுமே. அந்தக் கீச்சு நீதான். பால் கேட்டுக் கத்தினே. இவரு, பதிவு ஓடுது, ரெண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லுன்னாரு. மூணு மாசக் குழந்தைகிட்ட.

— நானா?

— அது வந்து, அதை வெளிய சொல்ல வேணாம்மா. விவாதம் நல்லாப் போயிட்டு இருக்கு.

— சரி, ஊரே ஆடுது, சந்தோஷம். அதுக்கு நான் என்ன பண்ணணும்? ஆடணுமா?

— சனிக்கிழமை பெரிய ஹால்ல அப்பாவோட நிகழ்ச்சி. கேசட் போடறது இல்ல, அவரே பெட்டியை வெச்சு மேடையில வாசிக்கணும். டிக்கெட் மொத்தமும் போயாச்சு. எல்லாரும் வர்றதே அந்தத் தொய்வை நேர்ல பாக்கத்தான்.

— வாசிக்கட்டும். யாரு கையைப் பிடிச்சா?

— சொல்லுங்கப்பா.

— நீயே சொல்லேன்.

— எனக்கே முழுசாத் தெரியாது. ஒரு பார்ட்டு அம்மாகிட்ட இருக்குன்னு மட்டும்தானே சொன்னீங்க.

— பார்ட்டா? என்கிட்டயா? உங்க சாமான் ஒரு திருகாணி கூட விடாம மூட்டை கட்டிக் கொடுத்தேனே.

— கொஞ்சம் பொறு, சொல்றேன். அது வந்து, தொய்வு வர மாட்டேங்குது.

— எது வர மாட்டேங்குது?

— தொய்வு. பெட்டி நல்லா ஓடுது. எல்லா பட்டனும் வேலை செய்யுது. ஆனா நேரா போகுது. ஹைவேல லாரி போற மாதிரி நேரா போயிட்டே இருக்கு. எழவும் இல்ல, விழவும் இல்ல. ஒரு மாசமா உக்காந்து பாக்கறேன்.

— அப்பா, பேட்டியில வேற மாதிரி சொல்லியிருந்தீங்களே. அம்மா, இரு, போன்ல இருக்கு, படிக்கறேன். "இயந்திரத்துக்குள் மனித மூச்சைப் புகுத்த வேண்டும் என்பது என் நீண்ட நாள் தவம். அந்தத் தொய்வு என் விரல் நுனியில் பிறந்தது."

— விரல் நுனியிலயா?

— எழுதறவங்க கொஞ்சம் சேத்துட்டாங்க.

— தவம்?

— தவம் நான் சொன்னதுதான்.

— எனக்குத் தெரிஞ்சு அந்தத் தவம் லுங்கியைக் கட்டிக்கிட்டு, ஸ்டூல்ல உக்காந்து பிஸ்கட் தின்னுச்சு. விரல் நுனியில இருந்ததெல்லாம் பிஸ்கட் தூள்தான்.

— அம்மா, சிரிக்க வைக்காதே. பட்டி கோணலாகுது.

— அப்படின்னா விரலால வரலையா, இப்போ?

— வரல.

— தவத்தால?

— வரல. போதுமா?

— வேற என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?

— டேபிள் ஃபேனைப் பக்கத்துல மாட்டிப் பாத்தேன். லேசா ஒரு நடுக்கம் வந்துச்சு, தொய்வு வரல. அப்புறம் இஸ்திரிப் பெட்டி. அது கொஞ்சம் நல்லா இழுத்துச்சு, ஆனா போட்டா போட்டபடி இழுக்குது, எழுந்திருக்க மாட்டேங்குது. அதுலயே கவனமா இருந்ததுல நல்ல சட்டை ஒண்ணு போச்சு. பக்கத்து ரூம்காரன்கிட்ட டிரில்லிங் மிஷின் வாங்கி ஓட்டினேன். வீட்டுக்காரரு வந்து, எந்தச் சுவரை ஓட்டை போட்டேன்னு ஒவ்வொரு சுவரா தடவிப் பாத்துட்டுப் போனாரு.

— ஒரு நிமிஷம். ஃபேன், இஸ்திரிப் பெட்டி, டிரில்லு. அப்பா, டெக்னோவுக்கும் இதுக்கெல்லாம் என்ன சம்பந்தம்?

— அவரே சொல்லட்டும். நான் வாயே திறக்கல.

— உனக்குத்தான் தெரியுமே.

— எனக்கு என்ன தெரியும்? எனக்கு டம்மு டம்முதான் தெரியும். நீங்களே சொல்லுங்க.

— எனக்கு உன் தையல் மிஷின் வேணும்.

— எந்த மிஷின்? இங்க ஆறு இருக்கு.

— பழசு. அந்த மோட்டார் போட்ட கறுப்பு மிஷின். சனிக்கிழமை ஒரு நாளைக்குத் தா. பஞ்சு வெச்சு எடுத்துட்டுப் போயி, பஞ்சு வெச்சுத் திருப்பிக் கொண்டு வந்துடறேன்.

— அப்பா, எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லுங்க.

— நான் சொல்றேன். நீ பொறந்தப்ப நாம இருந்தது ஒரே ரூம். அந்த ரூமுக்கு ஒரே பிளக் பாயின்ட். அதுலதான் இவரோட பெட்டி, அதுலதான் என் மிஷின். நான் வீட்டுலயே யூனிஃபார்ம் சட்டை தைச்சுக் கொடுத்துட்டு இருந்தேன். மோட்டாரு ஏதோ ஃபாக்டரில கழிச்சுப் போட்டது, பெடலை மிதிச்சாப் போதும், மொத்தக் கரன்ட்டையும் ஒரு மொடக்குல குடிச்சிடும். பல்பு மங்கும். இவரோட பெட்டியும் சேந்து மயக்கம் போட்டுடும். காலை எடுத்தா எல்லாருக்கும் உயிர் வரும்.

— அதுதான் தொய்வா?

— அதுதான் உங்கப்பா விரல் நுனியில பொறந்துச்சாம்.

— அப்பா.

— என்னம்மா.

— சாஃப்ட்வேர்ல அந்தக் குமிழுக்கு அம்மா பேரைத்தானே வெச்சிருக்கணும்.

— கொஞ்சம் பொறு. கரன்ட்டு குறைஞ்சாப் பாட்டு ஆயிடுமா? மத்ததெல்லாம் நான் போட்டதுதானே. பீட்டு நான் போட்டது. பேஸ் நான் போட்டது.

— நீங்க போட்டது எல்லாம் ஹைவே லாரிதான்னு இப்பதானே சொன்னீங்க.

— அன்னிக்கு இவரு என்ன கத்தினாருன்னு உனக்குத் தெரியாது. பெட்டி மயங்கும்போதெல்லாம், நிறுத்து நிறுத்துன்னு கத்துவாரு. என் பாட்டைக் கொல்றே, என் பாட்டைக் கொல்றேன்னு. நான், உங்க பாட்டை நிறுத்துங்க, என் சட்டை நிக்குதும்பேன். கடைசில எனக்குத் தனி பிளக் பாயின்ட் வேணும்னு கோவிச்சுக்கிட்டுக் கெளம்பினவருதான். நானும் ஒரு வாரத்துல கோவம் எறங்கி வருவாருன்னு பாத்தேன்.

— கூட இருந்த பசங்களோட அப்பா அம்மால்லாம் என்னென்னவோ காரணத்துக்குப் பிரிஞ்சாங்க. எங்க வீட்டுல மட்டும்தான் பிளக்குக்காகப் பிரிஞ்சது. அதை எப்படி வெளிய சொல்றதுன்னு தெரியாம, அப்பாவுக்கு வெளிநாட்டுல வேலைன்னு ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருந்தேன். வெளிநாடு ரெண்டு பஸ் தூரத்துல இருந்துச்சு.

— அதனாலதான் ஆண்டு விழாவுக்கு வர வேண்டாம்னு சொன்னியா?

— விமானத்துக்கு லீவுன்னு சொல்லிச் சமாளிச்சேன்ப்பா. விடுங்க. தனி பிளக்கு கெடச்சுதே, அப்புறம் என்ன பண்ணீங்க?

— நாலு சுவத்துலயும் பிளக்கு இருக்கற ரூமாத் தேடி எடுத்தேன். மொத நாள் பெட்டியை மாட்டி ஓட விட்டேன். ஆடாம அசையாம ஓடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. மறுநாளும் அப்படியே ஓடுச்சு. அடுத்த வாரம் ஓடிட்டு இருக்கும்போதே நான் தூங்கிட்டேன்.

— உங்க பாட்டுக்கு நீங்களே தூங்கிட்டீங்களா?

— ஆமா. அதுக்கப்புறம் ஒண்ணும் உருப்படல. ஒரு பாட்டு கூட. கை போயிடுச்சுன்னு நெனச்சேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு டிரைவிங் ஸ்கூல்ல சேந்தேன்.

— அப்பவாவது ஒரு நாள் தோணுச்சா, என்னடா குறையுதுன்னு?

— தோணுச்சு.

— எப்போ?

— ரொம்ப முன்னாடியே. ஒத்துக்கத்தான் முடியல. ஒத்துக்கிட்டா, திரும்பி வரணும். திரும்பி வந்தா, நீ சிரிப்பே.

— சிரிச்சிருப்பேன்தான். ரெண்டு நாள் சிரிச்சிருப்பேன். அப்புறம் சாப்பாடு போட்டிருப்பேன்.

— அம்மா.

— ஊசியைப் பாத்து எடு, கையில குத்தும். சரிங்க. மிஷின் அந்த மூலையில துணி போத்தி இருக்கு. கெட்டி ரெக்சினுக்கு இன்னிக்கும் அதுதான். எடுத்துட்டுப் போங்க.

— நெஜமாவா? அவ்வளவு சுலபமா தர்றியா?

— மிஷின்தானே கேட்டீங்க. தர்றேன். யாரு மிதிப்பா?

— யாராவது மிதிச்சுக்கலாம். பெடல்தானே. பெடலு நமக்குத் தெரியாததா? தினம் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுக்கறேன்.

— நல்லது. எதுக்கும் இங்கயே ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுக் கொண்டு போங்க. அங்க போயி, மிஷின் சரியில்ல, வேணும்னே கெட்டுப் போனதைக் கொடுத்தான்னு இன்னொரு பேட்டி வேண்டாம்.

— இங்க வொயரிங் புதுசு. கரன்ட்டு குறையாதே.

— பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமயா வந்திருப்பீங்க?

— அது வந்து, பைக்கு அடியில இருக்கு.

— அப்பா, இந்த வொயரைப் பாத்தாலே ஷாக் அடிக்குது. பட்டப்பேரு இதனாலதானா?

— டேப் சுத்தியிருக்கேன்ல. இந்த வொயரு மெலிசு, அதான் விசேஷம். பெட்டியை இதுல மாட்டு. மிஷினையும் இதுலயே மாட்டு. கூடக் கொண்டு வந்த இந்தச் சின்ன ஸ்பீக்கரைப் பேட்டரில போட்டிருக்கேன், அதுக்குக் கவலை இல்ல. இப்போ ஓட விடறேன். கேக்குதா? பாரு, லாரி மாதிரி போகுது. நீ போயி பெடல்ல காலை வை.

— நானாப்பா? சரி, மிதிக்கறேன்.

— மெதுவா. கிளட்சை விடற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா. மெதுவா. ஐயோ, நின்னே போச்சு.

— நீங்க கத்தினதுலதான் முழுசா அழுத்திட்டேன்.

— எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. திரும்பப் போடறேன். இப்போ லேசா. இல்ல, சீக்கிரம் எடுத்துட்டே. இப்போ ரொம்ப லேட்டு. நடுவுல விழுது பாரு, விக்கல் வந்தவன் மாதிரி இருக்கு.

— இந்த விக்கலுக்கு ஆடினா கிளினிக்குக்கு முட்டி வலி இன்னும் வரும்ப்பா. நீங்களே மிதிங்க.

— நகரு. இப்படிப் பாரு. காலை மொதல்ல தளர்வா வெச்சுக்கணும். வர்ற எடத்தை முன்னாடியே பாக்கணும். இப்போ மெதுவா மிதிக்கணும்.

— அப்பா, நீங்க பிரேக் போடறீங்க.

— பிரேக் இல்ல.

— வண்டி நிக்குதே. பழக்க தோஷம். பக்கத்து சீட்டுல உக்காந்து உக்காந்து உங்க காலுக்கு வேற எதுவும் தெரியல.

— கொஞ்சம் பொறு. இன்னொரு தடவை.

— நீங்க ஓட்டிட்டே இருங்க. எனக்கு வேலை கெடக்கு. தள்ளிக்கோங்க, கெட்டிப் பட்டி ஒண்ணு இருக்கு, அதை இதுல ஒரு ஓட்டு ஓட்டிட்டுத் தர்றேன். உங்க பெட்டியை நிறுத்த வேண்டாம். அது பாட்டுக்கு ஓடட்டும்.

— நீ பாட்டுக்குத் தைச்சா எப்படி வரும்? அதுக்கு நேரம் பாக்கணும்.

— நான் பட்டிதான் தைக்கிறேன். நேரம் நீங்க பாருங்க.

— சரி, தை. அப்புறம் பாத்துக்கலாம்.

— அப்பா.

— இரு.

— அப்பா, கேக்குதா?

— கேக்குது. பேசாதே.

— அப்படியே விழுது. எனக்கு முட்டி தானா மடங்குதுப்பா.

— பேசாதேன்னேன்ல. இன்னொரு தடவை வரட்டும். வந்துச்சு. எழுந்துச்சு பாரு. அம்மாடி. இத்தனை வருஷம் ஆச்சு இதைக் கேட்டு.

— கண்ணைத் துடைச்சுக்கோங்க, ரெக்சின்ல விழுந்தாக் கறையாகும். பட்டி முடிஞ்சுது. நிறுத்துங்க உங்க பெட்டியை.

— அம்மா, எப்படி பண்ணே?

— என்ன பண்ணேன்? பட்டி தைச்சேன்.

— இல்லம்மா. நான் எண்ணினேன். பீட் எட்டு சுத்து முடியற எடத்துலதான் விழுந்துச்சு. மறுபடியும் எட்டு, மறுபடியும் விழுந்துச்சு. கேசட்லயும் அப்படித்தான், ஒண்ணு கூடத் தவறாது. அதனாலதான் ஹாலே ஒண்ணா உக்காருது, எப்போ வரும்னு ஒடம்புக்கே தெரியுது.

— அதுக்குக் காரணம் இருக்கும்மா. நான் யோசிச்சு வெச்சிருக்கேன். ஒரு சட்டைக் கையைத் தைக்க எட்டு சுத்து நேரம் ஆகும். ஒரு கை முடிஞ்சு அடுத்த கையை ஆரம்பிக்கறப்ப மிதிப்பா. அப்போ விழும். கணக்குதான்.

— அரைக்கை சட்டையா, முழுக்கை சட்டையா?

— அது வந்து, முழுக்கை.

— நான் தைச்சது ஸ்கூல் யூனிஃபார்முங்க. எல்லாமே அரைக்கை.

— அப்போ அரைக்கைக்கு எட்டு சுத்து.

— சரி, அரைக்கைக்கு எட்டு. காலருக்கு எவ்வளவு? பாக்கெட்டுக்கு?

— எல்லாத்தையும் இப்போ கேட்டா எப்படி? ஒத்துக்கறேன், உன் கால் வேணும். மிஷின் மட்டும் இருந்தாப் பத்தாது. சனிக்கிழமை நீயும் வரணும்.

— மேடைக்கா?

— மேடைக்குப் பின்னாடி ஒரு திரை போட்டு.

— அப்பா.

— சரி, மேடைக்கே. என் பக்கத்துல. நீ தைச்சுட்டு இரு, நான் வாசிச்சுட்டு இருக்கேன்.

— ஒரே பிளக்குலயா?

— ஒரே பிளக்குல.

— வர்றேன். ஆனா விரல் நுனியில பொறந்ததுன்னு சொன்ன வாயாலேயே மைக்கைப் பிடிச்சு உண்மையைச் சொல்லணும். தவத்தையும் வாபஸ் வாங்கணும்.

— அத்தனை பேரு முன்னாடியா?

— அத்தனை பேரு படிக்கறதுலதானே சொன்னீங்க.

— சொல்லிடுங்கப்பா. சொன்னா இன்னும் கொண்டாடுவாங்க. தையல் மிஷின் வாங்க நாளைக்கே வரிசையில நிப்பாங்க.

— சரி, சொல்றேன். நான் கத்தினதையும் சேத்தே சொல்றேன். அது தப்புதான். அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், சொல்லாமப் போயிட்டேன். ஆனா ஒண்ணு. உனக்கு அந்தச் சத்தமே ஆகாதேன்னு நெனச்சேன்.

— யாரு சொன்னா?

— ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா?

— நீங்க ஒரு நாளாவது எப்படி இருக்குன்னு கேட்டிருக்கீங்களா?

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. அப்பா, மைக்குல என்ன சொல்லப் போறீங்கன்னு இப்பவே சொல்லிக் காட்டுங்க. உங்களை நம்ப முடியாது, அங்க போயி மூச்சு, தவம்னு ஆரம்பிச்சிடுவீங்க.

— சொல்றேன், கேளு. "எல்லாருக்கும் வணக்கம். நீங்க எல்லாரும் முட்டி மடக்கற அந்த எடம் என் விரல்ல பொறந்தது இல்ல. என் மனைவி பக்கத்துல உக்காந்து சட்டை தைச்சுட்டு இருந்தப்ப, அவளுக்கே தெரியாம, தற்செயலா அந்தக் கேசட்ல வந்து விழுந்தது." எப்படி?

— அழகா இருக்குப்பா. அம்மா, போதுமா? ஏன் அப்படிப் பாக்கறே?

— ஒரு தப்பு இருக்கு.

— இதுல என்ன தப்பு? மிஷினைச் சொல்லிட்டேன், உன்னைச் சொல்லிட்டேன், சட்டையைக் கூட விடல.

— அந்தச் சட்டைதாங்க தப்பு. நீங்க அந்தக் கேசட்டைப் பதிஞ்ச அன்னிக்கு என் மிஷின்ல துணியே இல்ல. எட்டு எண்ணி எண்ணி வெறும் பெடலைத்தான் மிதிச்சேன்.